‘எங்க லிமிட் இல்லை’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால்…

வாசகர் கடிதம், சுருக்கமாக:

எழுதியிருப்பவர் 58 வயதுத் தாய். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றுகிறார். கணவருக்கு 64 வயது. பக்கவாதம் வந்து வீட்டோடு இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த மகனுக்கு வளைகுடா நாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சென்னையைச் சேர்ந்த ஏஜென்ட் ஒருவர் போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசியிருக்கிறார். ஏப்ரல் 2024-ல் 1,50,000 ரூபாயும் ஆகஸ்ட் 2024-ல் 1,20,000 ரூபாயும் உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினார்கள். அதே ஆகஸ்டில், நகையை அடகு வைத்து, 80,000 ரூபாயைச் சென்னையில் ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள். வந்து சேர்ந்த விசா போலி. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 20 ரூபாய் முத்திரைத்தாளில் ‘கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் அந்த ஏஜென்ட்.

உள்ளூர் காவல் நிலையத்தில் முதலில் "சென்னையில நடந்த விஷயம், எங்க லிமிட் இல்லை" என்றார்கள். பிறகு மனுவை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "புதுச் சட்டப்படி 14 நாள் விசாரிக்கணும்" என்றார்கள். மாதங்கள் ஓடிவிட்டன. இப்போது ஏஜென்ட், "பழைய சட்டமே போயிருச்சு, ஏப்ரல்ல குடுத்த பணத்துக்குக் கேஸ் நிக்காது. புகாரை வாபஸ் வாங்கினா பாதிப் பணத்துக்கு செக் தர்றேன்" என்கிறார். கொலை மிரட்டல் விட்டதாகவும் சேர்த்து எழுதினால்தான் கேஸ் போடுவார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கேஸ் போட்டால் சென்னைக்கு அலைய வேண்டுமே, படுத்திருக்கும் மனிதரை யார் பார்ப்பது என்பது இவருடைய கவலை.

வழக்கறிஞரின் பதில்:

அம்மா, தேதியும் தொகையும் எந்த வழியாகப் பணம் போனது என்பதும் உங்கள் கடிதத்தில் வரிசையாக இருக்கின்றன. புகார் எழுதுவதில் பாதி வேலை அதுதான். அதை நீங்களே செய்துவிட்டீர்கள். உங்களைக் குழப்பியிருப்பது புதுச் சட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன பேச்சு. முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

ஒன்றிய அரசு மூன்று குற்றவியல் சட்டங்களை 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. 2024 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. ஐ.பி.சி. இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), சி.ஆர்.பி.சி. இருந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டம் இருந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். இந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதலாவது எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்கிறது. இரண்டாவது, போலீஸும் கோர்ட்டும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவதை. நாங்கள் அதை பி.என்.எஸ்.எஸ். என்கிறோம்.

பழைய சட்டம் போனதால் குற்றம் போய்விடாது

ஏஜென்ட் சொன்னது தவறு. ஏமாற்றிப் பணம் பறிப்பது ஐ.பி.சி. 420-ஆவது பிரிவில் குற்றமாக இருந்தது. இப்போது அது பி.என்.எஸ். 318(4). இரண்டிலும் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்று புதிய சட்டமே 358-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ஏப்ரலில் போன பணத்துக்கு ஐ.பி.சி. 420, ஆகஸ்டில் போன பணத்துக்கு பி.என்.எஸ். 318(4). இன்று எஃப்.ஐ.ஆர். போட்டால் விசாரணை நடக்கும் முறை மட்டும் புதிய பி.என்.எஸ்.எஸ். படி இருக்கும். எந்தப் பிரிவு என்று நீங்கள் புகாரில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. நடந்ததை எழுதினால் போதும். பிரிவு போடுவது போலீஸின் வேலை.

காலம் கடந்துவிட்டதோ என்றும் பயப்பட வேண்டாம். 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு வழக்குத் தொடர காலவரம்பு கிடையாது. ஆனால் பணத்தை வசூலிக்கப் போடும் சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. எந்தத் தேதியிலிருந்து அதை எண்ணுவது என்பதில் வாதம் இருக்கலாம். பத்திரத்தின் தேதியும் அதில் பேசப்படும். நீங்கள் ஏப்ரல் 2024-ஐயே தொடக்கமாக வைத்துக்கொண்டு அந்த 3 ஆண்டுக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள். போலீஸ் விசாரணை நடக்கிறதே என்று இந்தக் கெடு காத்திருக்காது. பலர் பணத்தைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் ஸ்டேஷனுக்கே ‘லிமிட்’ இருக்கிறது

குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 173(1) சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். வாங்கிய நிலையம் அதைப் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2012 டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு அரசின் அறிவுறுத்தல்கள் வழியாக வந்த வழக்கம் இது; இப்போது சட்டத்தின் வாசகமாகவே ஆகியிருக்கிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். வரைக்கும் போக வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. மோசடி வழக்கை எங்கே விசாரிக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 202-ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. கடிதம், போன், மின்னணுத் தகவல் வழியாக ஏமாற்றியிருந்தால், அந்தத் தகவல் அனுப்பப்பட்ட ஊரிலும் விசாரிக்கலாம், வந்து சேர்ந்த ஊரிலும் விசாரிக்கலாம். ஏமாந்தவர் பணத்தைக் கொடுத்த ஊரும் சரி, ஏமாற்றியவர் வாங்கிய ஊரும் சரி. ஏஜென்ட்டின் போன் வந்தது உங்கள் வீட்டுக்கு. வாட்ஸ்அப் வந்தது உங்கள் மகனின் கைக்கு. 2,70,000 ரூபாய் புறப்பட்டது உங்கள் ஊர் வங்கிக் கணக்கிலிருந்து. சென்னையில் நடந்தது 80,000 ரூபாய் ரொக்கம் கைமாறியது மட்டுமே. பழைய சி.ஆர்.பி.சி.யிலும் இதே விதி 182-ஆவது பிரிவாக இருந்தது. புதியதில் மின்னணுத் தகவல் என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள்.

எனவே புகாரை மறுபடி எழுதும்போது, "சென்னை ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார்" என்று தொடங்காதீர்கள். "இன்ன ஊரில் உள்ள எங்கள் வீட்டில் இருக்கும்போது, இன்ன எண்ணிலிருந்து போன் செய்து, இன்ன வங்கிக் கிளையிலிருந்து பணம் அனுப்பச் செய்தார்" என்று தொடங்குங்கள். படிக்கும் அதிகாரிக்கு முதல் வரியிலேயே இது தன் எல்லைக்குள் வரும் விஷயம் என்று தெரிய வேண்டும். வழக்கு உங்கள் ஊர் நிலையத்திலேயே இருந்தால் உங்கள் அலைச்சல் பெருமளவு குறையும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

"கேஸ் கொடுத்தாச்சு, ரசீது இருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். கையில் இருப்பது மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும்தான். அதில் ஒரு எண்ணும் ஆண்டும் இருக்கும்; குற்ற எண் இருக்காது, சட்டப் பிரிவு இருக்காது. எஃப்.ஐ.ஆர். என்றால் அச்சிட்ட படிவத்தில் ‘குற்ற எண்’ என்று தனியாகவும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எதிரிலும் இருக்கும். உங்கள் புகாரும் அதோடு சேர்ந்திருக்கும். அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 173(2) சொல்கிறது. யாராவது ஜெராக்ஸ் செலவுக்கு என்று கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

14 நாள் கணக்கு புதுச் சட்டத்தில் இருப்பது உண்மைதான், 173(3)-ல் வருகிறது. ஆனால் அது எல்லாப் புகாருக்கும் அல்ல. 3 ஆண்டு முதல், 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி.யிடம் முன் அனுமதி வாங்கி, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று 14 நாளுக்குள் பார்த்து முடிக்கலாம். நீங்கள் சொல்லும் மோசடிக்குத் தண்டனை 7 ஆண்டு வரை என்பதால், வாசகப்படி பார்த்தால் அது இந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை. அதே சமயம், பணம் கொடுக்கல் வாங்கல் போலத் தோன்றும் புகார்களில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே "நீங்கள் விசாரித்ததே தப்பு" என்று நிலையத்தில் சண்டைக்குப் போக வேண்டாம். அதே தீர்ப்புதான், கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்களுக்கு ஆகியிருக்கும் மாதங்கள் அதிகம்.

இனி செய்ய வேண்டியது இது. சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, புகாரின் நகலையும் சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். 173(4) அதற்கு இடம் தருகிறது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் மனு நாளன்று நேரில் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் தபால் அத்தாட்சி கட்டாயம் இருக்கட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அஃபிடவிட்டோடு மனு போடலாம். போலீஸ் சொல்வதையும் கேட்டுவிட்டு, வழக்குப் பதிவு செய்யச் சொல்ல 175(3)-இன்படி மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. நிலையத்துக்கும் எஸ்.பி.க்கும் எழுதினீர்களா என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அந்த இரண்டு காகிதமும் இல்லாமல் போனால் மனு நிற்காது.

வாட்ஸ்அப்பில் வந்ததாக எழுதியிருந்தீர்களே, போனிலேயே எஃப்.ஐ.ஆர். போடலாம், 3 நாளில் கைது என்று, அது பாதி உண்மை. மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம். கொடுத்தவர் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். அந்த 3 நாள் கெடு உங்களுக்கானது. கைதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 193-ஆவது பிரிவில் புதிதாக வந்திருக்கும் நல்ல விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

‘கைமாற்று’ என்று எழுதிய பத்திரம்

உங்கள் வழக்கில் எனக்கு உள்ளபடியே கவலை தரும் இடம் இதுதான். ‘கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதியதால், இது கடன், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று போலீஸ் சொல்ல வழி கிடைக்கிறது. அந்த ஏஜென்ட் அப்படி எழுதிக் கொடுத்ததே அதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்ட உங்களிடம் பொருள் இருக்கிறது. முதலாவது, போலி விசா. கடன் வாங்கியவர் எதற்கு விசா அனுப்புகிறார்? இரண்டாவது, வேலை, சம்பளம், கிளம்பும் தேதி பற்றிய வாட்ஸ்அப் உரையாடல். மூன்றாவது, "கையில குடுத்த 80 வந்துருச்சு அக்கா" என்று அவர் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ரசீதே இல்லாத ரொக்கத்துக்கு அதுதான் சாட்சி. நகை அடகு வைத்த ரசீதின் தேதியும் அதோடு ஒத்துப்போனால் இன்னும் பலம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அழகாக வெட்டி, பிரிண்ட் போட்டுவிட்டுப் போனை மாற்றிவிடாதீர்கள். வெட்டும்போது எண்ணும் தேதியும் போய்விடுகின்றன. இந்தப் போனிலிருந்துதான் எடுத்தது என்று சாக்ஷ்ய அதினியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். மூலப் போன் இருந்தால் அது சிக்கலில்லாமல் முடியும். மகன் அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

இன்னொரு பிடியும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கூடச் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதுவே தனிக் குற்றம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் புகாரின் நகலை அனுப்புங்கள். ‘கைமாற்று’ என்ற கதைக்கு இது நேரான பதில்.

உறவினர்கள் சொல்வது போல, நடக்காத கொலை மிரட்டலை மட்டும் சேர்க்காதீர்கள். கோபத்திலும் இயலாமையிலும் சொல்கிறார்கள், புரிகிறது. ஊர் ஊராக இந்த யோசனை சொல்லப்படுகிறது; எத்தனையோ நல்ல வழக்குகள் இதனாலேயே கெட்டிருக்கின்றன. எந்தத் தேதியில் மிரட்டினார், எந்த எண்ணிலிருந்து என்று குறுக்கு விசாரணையில் கேட்கும்போது பதில் இருக்காது. அந்த ஒரு வரி பொய் என்றால் விசாவும் வாய்ஸ் மெசேஜும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகும். பொய்த் தகவல் கொடுத்ததாக உங்கள் மேல் வழக்கு வரவும் பி.என்.எஸ். 217-ல் இடம் இருக்கிறது. உங்களிடம் உண்மையே போதுமான அளவு இருக்கிறது, அம்மா.

பாதிப் பணத்தை வாங்கலாமா?

வாங்கலாம். வீட்டுச் சூழ்நிலையை எழுதியிருக்கிறீர்கள். மருந்துச் செலவு நிற்காது என்று எனக்குத் தெரியும். எஃப்.ஐ.ஆர். போட்டவுடன் பணம் வந்துவிடும் என்று நானும் வாக்குக் கொடுக்க முடியாது. குற்றத்தில் வந்த சொத்தை முடக்கி, பாதிக்கப்பட்டவருக்குப் பிரித்துக் கொடுக்க பி.என்.எஸ்.எஸ். 107 வழி செய்கிறது. ஆனால் அவர் பெயரில் முடக்கத்தக்க சொத்து ஏதாவது இருக்க வேண்டும், போலீஸ் அதைக் கண்டுபிடித்து எஸ்.பி. ஒப்புதலோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆனால் செக்கை நீட்டி வாபஸ் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறட்டும். வந்த தொகை ‘மொத்தத்தில் ஒரு பகுதி’ என்று எழுத்தில் இருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து எக்காரணம் கொண்டும் கூடாது. செக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்கு. இதில் ஒரு கெடுவைத் தவறவிட்டாலும் செக் வழக்கு பலவீனப்பட்டுவிடும்.

உண்மையிலேயே சமாதானமாகப் போக நினைத்தால், டீக்கடையிலோ யாரோ ஒரு பிரமுகர் வீட்டுத் திண்ணையிலோ வைத்துப் பேச வேண்டாம். மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் முடியுங்கள். அங்கே எழுதப்படும் தொகை கோர்ட் தீர்ப்புக்குச் சமம். தராவிட்டால் வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். எஃப்.ஐ.ஆர். வந்த பிறகும் இந்தக் குற்றத்தில் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ள சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே இப்போதே வாபஸ் வாங்கவில்லை என்றால் கதவு மூடிவிடும் என்று அவர் அவசரப்படுத்துவதில் பொருளில்லை.

சென்னைக்கு அலைவது பற்றி

விசாரணை அதிகாரி ஒரு பெண்ணை, அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 179 சொல்கிறது. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும், உடல் முடியாதவர்களுக்கும் இதே பாதுகாப்பு. உங்கள் கணவருக்கு வயது, உடல்நிலை இரண்டாலும் பொருந்தும். அதிகாரிதான் வீட்டுக்கு வந்து கேட்டு எழுத வேண்டும். நீங்களாக விரும்பினால் நிலையத்துக்குப் போகலாம், அது உங்கள் இஷ்டம். மகனை அழைக்கலாம், ஆனால் அந்த அதிகாரியின் நிலைய எல்லையிலோ பக்கத்து நிலைய எல்லையிலோ இருப்பவரைத்தான் இந்தப் பிரிவில் வரச் சொல்ல முடியும். விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. புகாரில் கையெழுத்து உண்டு, வாக்குமூலத்தில் கிடையாது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பின்னால் கோர்ட்டில் சாட்சி சொல்ல ஓரிரு நாள் போக வேண்டி வரும். வழக்கு உங்கள் ஊரிலேயே இருந்தால் அதுவும் பக்கத்து டவுனோடு முடிந்துவிடும்.

வக்கீல் ஃபீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் ஆண்டு சட்டம் தந்திருக்கும் உரிமை அது, யாரும் காட்டும் சலுகை இல்லை. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது சி.எஸ்.ஆர். ரசீது, முத்திரைத்தாள் பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட், அடகு ரசீது, விசா என்று வந்த காகிதம், மகனின் போன் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டிய மனுவை அங்கேயே எழுதித் தரச் சொல்லலாம்.

மகனின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. ஏஜென்ட்டிடம் இருந்தால் அதையும் புகாரில் தவறாமல் எழுதுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. பணத் தகராறுக்காக அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. பாதிப் பணம் தர அவர் முன்வந்தால், பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.